சம்பந்தி மரியாதையும் பதினெட்டடி ஆழமும்

ஜூலை 11, சனி

வெப்பம் 103. நடை 3,900 அடி. ரத்த அழுத்தம் 142/88.

மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் துணைமின் நிலையப் பதிவேடு எழுதிய கை இது. டெக்சாஸில் மகன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதற்காகச் சும்மா இருக்காது. நடந்ததை நடந்தபடி எழுதுவேன். எனக்கு மறைக்க ஒன்றும் கிடையாது.

இன்று சம்பந்தி வந்து சேர்ந்தார். கஸ்பார் பர்னாந்து, தூத்துக்குடி, அறுபத்து நான்கு வயது. மனைவி தவறிவிட்டார். என் மருமகள் ஜெனிட்டா அவருக்கு ஒரே பெண். விமான நிலையத்தில் இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொன்னார். நானும் கூப்பினேன். உடனே அவர் கைகளைப் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு பெட்டியை யார் தள்ளுவது என்று "நீங்க விடுங்க", "இல்ல, நீங்க விடுங்க" என்று இரண்டு பேரும் விட்டதில், பெட்டி தானாக உருண்டு ஒரு வெள்ளைக்காரம்மாள் காலில் இடித்தது.

சாயங்காலம் குமரேசன் என்னைக் கார் நிறுத்தும் கொட்டகைக்குக் கூட்டிப்போனான்.

"அப்பா, மாமா டிக்கெட்டை மாத்திட்டாவ. ஆகஸ்ட் மூணாந்தேதி கெளம்புதாவளாம். மாதா கோயில் திருவிழாவுக்குப் போகணுமாம்."

"ஜெனிக்குப் பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதி பதினெட்டுல்லா?"

"அதான். அம்மா இல்லாத பொண்ணு, அப்பாவாவது பக்கத்துல இருக்கணும்னு ஆசப்படுதா. ரெண்டு நாளா அழுதுக்கிட்டு இருக்கா. நீங்கதான் மாமாவைப் பேசி நிறுத்தணும்."

"நான் சொன்னா எப்படிக் கேப்பாரு?"

"நீங்க சொன்னாத்தான் கேப்பாவ."

ஏன் என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புல்வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பினான். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு பேச முடியவில்லை.

கல்யாணத்தில் ஏதோ ஒரு சின்ன விஷயம் நடந்தது என்று சொல்வார்கள். அது இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. பதிவேட்டில் ஏற்றுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

ஜூலை 12, ஞாயிறு

வெப்பம் 104. நடை இல்லை.

காலையில் சோபாவில் அவர் உட்கார்ந்தால்தான் நான் உட்கார முடியும். நான் உட்கார்ந்தால்தான் அவர் உட்காருவார். கோமதி காபியோடு வந்து, "ரெண்டு பேருக்கும் ஏதும் வேண்டுதலா?" என்று கேட்ட பிறகுதான் ஒரே நேரத்தில் உட்கார்ந்தோம். கோமதி என் மனைவி. எதை எப்போது கேட்கக் கூடாதோ அதை அப்போது கேட்பாள்.

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சைவம். மருமகள் மீன் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. தனிச் சட்டி, தனி அலமாரி. இன்று அப்பாவுக்காக ஆசை ஆசையாக மீன் பொரித்து வைத்திருந்தாள். சம்பந்தி தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "டாக்டர் மீனைத் தொடவே கூடாதுன்னுட்டாரு. யூரிக் ஆசிட்." கோமதி வைத்த வத்தக்குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, "அருமை, அருமை" என்றார். ஜெனிட்டா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தூத்துக்குடிக்காரருக்கு மீன் இல்லாத வாழ்க்கை. பாவமாக இருந்தது. சாப்பிடத்தான் கொடுத்து வைக்கவில்லை, பிடிக்கவாவது செய்யட்டும். கடற்கரை ஊரில் பிறந்தவர், தூண்டிலோடுதான் பிறந்திருப்பார். பக்கத்தில் பெரிய ஏரி இருக்கிறது. நாலு நாள் அங்கே கூட்டிப்போனால் மனிதர் திருவிழாவை மறந்துவிடுவார். யோசனையைக் குமரேசனிடம் சொன்னேன். "நல்ல ஐடியாப்பா" என்றவன் ஏனோ சிரித்தான்.

ஜூலை 14, செவ்வாய்

வெப்பம் 104.

குமரேசன் இருவருக்கும் அனுமதிச்சீட்டு எடுத்து, யாரிடமோ தூண்டில்கள் இரவல் வாங்கி, காலை ஆறரைக்கு ஏரியில் இறக்கிவிட்டு அலுவலகம் போனான். தண்ணீரில் மிதக்கிற படகுத்துறை. மேலே தகரக்கூரை. ஓரத்தில் லெராய் என்ற பெரியவரின் தூண்டில் கடை.

இங்கே கிடைப்பது கிராப்பி என்ற மீன். வெள்ளி உடம்பில் கறுப்புப் புள்ளி, ஒரு சாணைவிடக் கொஞ்சம் நீளம். உயிருள்ள பொடிமீனைக் கொக்கியில் குத்திப் போடுகிறார்கள். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். லெராய் சிரித்துக்கொண்டே ரப்பர் வாலும் இறகும் வைத்துக் கட்டிய பொய் இரையை எடுத்துக் கொடுத்தார். சைவ இரை. சம்பந்தி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நூல் நல்லாச் சுத்தியிருக்கான்" என்றார்.

பிறகு, "நீங்க மொதல்ல போடுங்க சம்பந்தி." "சே, நீங்க இருக்கும்போது நானா?" "மூத்தவுக நீங்க." "தொழில் தெரிஞ்சவுக நீங்க." இப்படி இருபது நிமிடம். எதிரே ஒரு அம்மாள் அதற்குள் ஆறு மீன் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாள்.

எட்டு மணிக்குப் படகுத்துறை லேசாக ஆடியது. சம்பந்தி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். காலையில் சாப்பிட்ட உப்புமாதான் காரணம்.

ஜூலை 15, புதன்

உப்புமா காரணம் இல்லை என்று கோமதி தெரிவிக்கிறாள்.

ஜூலை 17, வெள்ளி

வெப்பம் 105. நடை 600 அடி. ரத்த அழுத்தம் பார்க்க மனமில்லை.

இன்று ஒன்று பிடித்தேன். என் சட்டையை. கையைப் பின்னால் ஓங்கி வீசியபோது கொக்கி முதுகில் மாட்டிவிட்டது. இழுத்ததில் தோளிலிருந்து இடுப்பு வரை டர்ரென்று போயிற்று. சம்பந்தி பையிலிருந்து குட்டிக் கத்தரிக்கோலை எடுத்து, துணிக்கு வலிக்காத மாதிரி கொக்கியைப் பிரித்தார். அவர் பையில் எப்போதும் கத்தரிக்கோலும் அளவு நாடாவும் இருக்கின்றன. தூத்துக்குடியில் அவர் முப்பத்தெட்டு வருடம் தையல்கடை வைத்திருந்தார். இது எனக்குத் தெரியும். தெரிந்ததை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

"கடலுக்குப் போயிருக்கீங்களா சம்பந்தி?"

"தோணியில ஏறுனதே இல்ல. எங்க அப்பாவும் தையல்தான். தண்ணி ஆடுனா எனக்கு வயித்தப் பெரட்டும்."

"அப்புறம் ஏன் தெனமும் வாரீங்க?"

அவர் தயங்கினார். "உங்களுக்கு மீன் பிடிக்கதுன்னா உசுருன்னு மாப்பிள்ள சொன்னாரு. தொணைக்குப் போங்க மாமான்னாரு."

குமரேசன் சிரித்த காரணம் புரிந்தது. வெயில் நூற்றைந்து. இருவருக்கும் வேண்டாத வேலை. "அப்படியெல்லாம் இல்ல, வாங்க வீட்டுக்குப் போவோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஏரியும் இல்லாவிட்டால் அவரை எதைச் சொல்லி நிறுத்துவது?

"ஆமா சம்பந்தி," என்றேன். "சின்ன வயசுலேருந்தே எனக்கு அது ஒரு பைத்தியம்."

ஜூலை 20, திங்கள்

வெப்பம் 106. மீன் இல்லை. தலையில் ஐஸ் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஜூலை 22, புதன்

வெப்பம் 104.

எங்கள் நிலைமையைப் பார்க்கச் சகிக்காமல் லெராய் இன்று கடையை விட்டு இறங்கி வந்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதன் சாரம் இது. இந்த வெயிலில் மீன் மேலே நிற்காது. உங்களைப்போல அதற்கும் ஏசி வேண்டும். நிழல் பார்த்து ஆழத்தில் போய் நிற்கும். படகுத்துறைக்கு நேர் கீழே பதினெட்டடியில் பழைய கிறிஸ்துமஸ் மரங்களைக் கல்லைக் கட்டிப் போட்டிருக்கிறோம். அந்தக் கிளைகளுக்குள்தான் கூட்டமாக இருக்கிறது. எட்டி எட்டி வீசாதே, காலுக்குக் கீழே நேராக இறக்கு.

எட்டு நாளாக மீன்களின் தலைக்கு மேல் நின்றுகொண்டு தூரத்தில் தேடியிருக்கிறோம்.

கிறிஸ்துமஸ் மரம் என்றதும் சம்பந்தி வாய்விட்டுச் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "பண்டிகை முடிஞ்சும் மீனு மரத்தை விடமாட்டேங்கு பாத்தீங்களா." அளவு நாடாவை எடுத்து, தூண்டில் நரம்பைப் பதினெட்டடி அளந்து, அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூல் முடிச்சுப் போட்டார். அதற்குப் பிறகு கணக்கு தப்பவில்லை. முடிச்சு தண்ணீரைத் தொட்டால் மீன் வீட்டு வாசல்.

என் தூண்டில் மூன்று தடவை சுண்டியது. மூன்று தடவையும் பியூஸ் கட்டையைப் பிடுங்குகிற வேகத்தில் இழுத்தேன். மூன்றும் போயின. கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி, இழுத்தால் கிழிந்துவிடும் என்று லெராய் தலையில் அடித்துக்கொண்டார்.

"மெல்லிசுத் துணி சம்பந்தி," என்றார் இவர். "இழுக்கக் கூடாது. தூக்கணும்."

சொல்லிவிட்டுத் தன் தூண்டிலைப் பூப்போலத் தூக்கினார். மீன் வந்தது. நாடாவை வைத்து அளந்தார். ஒன்பதரை அங்குலம். பத்துக்குக் குறைந்தால் திருப்பி விட வேண்டும் என்பது இங்கே சட்டம். யாரும் பார்க்கவில்லை. லெராய்கூடக் கடைக்குள் போய்விட்டார். சம்பந்தி இன்னொரு தடவை அளந்தார், ஒன்பதரைதான். "அளவுன்னா அளவு" என்று தண்ணீரில் விட்டார்.

நான் அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூலை 25, சனி

மதியம் தண்ணீர் குடிக்கப் போனேன். ஜெனிட்டா பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மேல்தட்டு முழுக்க அவள் வாங்கி வைத்த மீன், அப்படியே உறைந்து கிடந்தது.

"அப்பாவுக்கு யூரிக் ஆசிட் எவ்வளவும்மா இருக்கு?" என்று கேட்டேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"அப்பாவுக்கு ஒரு நோயும் கெடையாது மாமா. தூத்துக்குடியில தெனமும் மீன்தான் சாப்பிடுதாவ." கதவைச் சாத்தினாள். "நீங்க இருக்கிற வீட்டுல சாப்பிட மாட்டாவ. நீங்க இருக்கிற வீட்டுல ரொம்ப நாள் இருக்கவும் மாட்டாவ. திருவிழா வருஷா வருஷம் வருது. எனக்குப் பிள்ள வருஷா வருஷமா பொறக்கப் போகுது?"

கோபமாகச் சொல்லவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மாடி ஏறிப் போய்விட்டாள்.

இன்று எழுத வேறு ஒன்றுமில்லை. வெப்பம் குறிக்கவில்லை.

ஜூலை 26, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் சம்பந்தி நின்று வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். அசைவப் பந்தியைக் கவனித்துவிட்டு வந்திருந்தார். இரண்டடி நடந்ததும் நான் என் தம்பி சண்முகத்திடம், "எத்தனை தடவை கழுவினாலும் இவங்க கையில மீன் நாத்தம் போகாதுலே" என்றேன். சண்முகத்தின் முகம் மாறியது. திரும்பினேன். சம்பந்தி எனக்குப் பின்னால் நின்றார். கையைப் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக, "சாப்பிட்டீங்களா சம்பந்தி?" என்று கேட்டார்.

அந்தக் கை இன்னும் பைக்குள்தான் இருக்கிறது.

அன்று நான் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊர்ப் பெயரை வைத்துச் சொன்னேன். அவர் தையல்காரர். அந்தக் கையில் சாக்கட்டியும் மெஷின் எண்ணெயும்தான் மணந்திருக்கும். இங்கே வந்தும் அதே ஊர்ப் பெயரை வைத்துத்தான் அவரை ஏரிக்கு இழுத்துப்போனேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு வருடமாகவே வெட்கமாகத்தான் இருந்தது, அதைச் சின்ன விஷயம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால், "சே, அதெல்லாம் என்ன சம்பந்தி" என்று கையைப் பைக்குள் வைத்தபடியே சொல்லுவார். மரியாதை தெரிந்தவரிடம் மன்னிப்புக் கேட்பது லேசில் நடக்காது.

எட்டு நாள் இருக்கிறது.

ஜூலை 29, புதன்

வெப்பம் 105. இரண்டு மீன். இரண்டையும் இழுத்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வந்து வாளித் தண்ணீரில் கோமதியின் ஈரக் கைக்குட்டையைக் கொக்கியில் மாட்டி, கிழியாமல் தூக்கிப் பழகினேன். கோமதி பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 1, சனி

வெப்பம் 103. ரத்த அழுத்தம் 128/80.

நான்கு மீன். நான் பிடித்தது. சிவப்பு முடிச்சு தண்ணீரைத் தொட்டது, நரம்பு லேசாகக் கனத்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். சம்பந்தி ஒவ்வொன்றையும் அளந்தார். பத்தரை, பதினொன்று, பதினொன்று, பன்னிரண்டு. கொக்கியை எடுக்க வந்தவரைத் தடுத்து நானே எடுத்தேன். அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக மீனைத் தொடுகிறேன். வழுக்கிக்கொண்டு போய் என் செருப்புக்குள் விழுந்தது.

"லெராய்கிட்ட குடுத்துருவோம் சம்பந்தி," என்றார்.

"குடுத்தாச்சு," என்று பொய் சொன்னேன். ஐஸ் பெட்டியில் குமரேசனின் சோடா பாட்டில்களுக்கு அடியில் நான்கும் வீடு வந்து சேர்ந்தன.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

குமரேசன் சம்பந்தியை மாதா கோவிலுக்குக் கூட்டிப்போனான். நான் கொல்லைப்புறத்தில் காஸ் அடுப்பை வைத்தேன். ஜெனிட்டா நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் செய்தேன். உதவிக்கு எழுந்தவளை எழும்பக் கூடாது என்று சொல்லிவிட்டேன். செதில் பறந்து மூக்குக்கண்ணாடியில் ஒட்டியது. வயிற்றைக் கீறச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ணைத் தொறந்துக்கிட்டுக் கீறுங்க மாமா, வெரல் போயிரும்" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

கோமதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் தேங்காயும் மிளகாயும் அரைத்துக் கொண்டுவந்து வைத்தாள். "மசாலா சைவந்தானே" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். வாசனை கூடம் வரை வந்திருந்தது. சம்பந்தி நின்றுவிட்டார். நான் அவர் தட்டில் சோறும், குழம்பும், பன்னிரண்டு அங்குல மீனும் வைத்தேன். பக்கத்திலேயே எனக்குத் தயிர்சாதம் போட்டுக்கொண்டேன்.

"சம்பந்தி, டாக்டர் எனக்கு..."

"டாக்டர் நான்தானே சம்பந்தி," என்றேன். "மண்டபத்து வாசல்ல வச்சு அந்தச் சீட்டை எழுதினது நான்தான். அது தப்பான சீட்டு. மூணு வாரமா பத்தியம் இருந்துட்டீங்க. போதும்."

அவர் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார், அதில் இரண்டு செதில் ஒட்டியிருந்தது. பிறகு, நான் உட்காருவதற்குக் காத்திருக்காமல், அவர் முதலில் உட்கார்ந்தார்.

ஒரு வாய் சாப்பிட்டார். வெகுநேரம் மென்றார்.

"புளி கூடிப்போச்சு சம்பந்தி."

வந்த நாளிலிருந்து அவர் வாயில் வந்த முதல் குறை. கோமதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"உப்பு பத்தாது. மீனை முந்திப் போட்டுட்டீங்க, ஒடஞ்சுபோச்சு. செதிலும் சரியா எடுக்கல." இன்னொரு கவளம் எடுத்தார். கண் கலங்கியிருந்தது. அது மிளகாயாகவும் இருக்கலாம். "இதை இப்பிடியே விட்டுட்டு நான் ஊருக்குப் போனா, பொறக்கப்போற பிள்ள இதுதான் மீன்கொழம்புன்னு நெனச்சிரும்."

"அப்ப டிக்கெட்டுப்பா?" என்றாள் ஜெனிட்டா.

"மாதா கோவிச்சுக்க மாட்டா. அடுத்த வருஷமும் அங்கதான இருப்பா." தட்டை நீட்டினார். "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க சம்பந்தி."

மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்தவர், பழக்கத்தில் கையைப் பேண்ட் பைக்குக் கொண்டுபோனார். அதற்குள் நான் என் கையை நீட்டிவிட்டேன்.

"நாத்தம் இருக்கும் சம்பந்தி," என்றார்.

"என் கையில அதைவிட இருக்கு."

கொடுத்தார். கொஞ்ச நேரம் விடவில்லை. யார் முதலில் விடுவது என்பதில் வழக்கமான மரியாதைத் தகராறு.

ஆகஸ்ட் 3, திங்கள்

வெப்பம் 105.

மதியம் விமானம் போய்விட்டது. அதில் ஒரு இடம் காலி.

சம்பந்தி காலையில் என் பழைய வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினார். பிள்ளைக்கு முதல் சட்டை பழந்துணியில்தான் தைக்க வேண்டுமாம், உடம்பை உறுத்தாதாம். ஜெனிட்டாவின் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். அருகில் நின்று பார்த்தேன். அவர் கையில் சாக்கட்டி வாசம் அடிக்கிறது.

கோமதி எலுமிச்சம்பழத்தை நான்கு தடவை தேய்க்கக் கொடுத்தாள். என் கையில் மீன் நாற்றம் இன்னும் போகவில்லை. பதிவேட்டில் ஏற்றிவிட்டேன்.